குமிழ்ச் சத்தத்தை நம்பிய நாள்

உங்கள் குறைமாதப் பிள்ளைகள் அறையில் இப்போது இருக்கும் இயந்திரங்களைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அவை தாமாகவே கத்துகின்றன. குழல் நழுவினால் ஒரு சத்தம், ஒட்சிசன் குறைந்தால் இன்னொரு சத்தம், பிள்ளை மூச்சுவிட மறந்தால் வேறொன்று. எங்களிடம் இருந்தது ஒரேயொரு சத்தம்தான். ஒரு தண்ணீர்ப் போத்தலில் குமிழி வெடிக்கும் சத்தம். அதை நாங்கள் எவ்வளவு நம்பினோம், ஒரு நாள் அந்த நம்பிக்கை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் இதன் பாடம் என்ன என்று கேட்காதீர்கள். ஓய்வுபெற்ற பிறகு எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் அது வேறு பக்கம் சாய்கிறது.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். திருகோணமலையில் மீன்வாடியில் ஐஸ் உடைத்தேன். புத்தளத்தில் உப்பு சுமந்தேன். அரபு நாடொன்றில் குழாய்களுக்கு வெல்டிங் அடித்தேன். எங்கும் நிலைக்கவில்லை, அதில் பெரிய சோகம் ஒன்றும் இல்லை, எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது ஊருக்குப் போகும் பாதை சண்டையால் மூடியிருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் பாய் விரிக்க இடம் கிடைத்தது. அதற்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி. சிலிண்டர் தூக்க ஆள் தேவை என்றார்கள். வெல்டிங் அடித்தவனுக்கு ஒட்சிசன் சிலிண்டர் புதிதில்லை. சேர்ந்துவிட்டேன்.

வேலையில் பாதி சிலிண்டரைத் தூக்குவது. மறுபாதி அதை ஏன் தூக்குகிறேன் என்று சோதனைச்சாவடியில் விளக்குவது. இரும்பு உருளை ஒன்றோடு கொழும்புத் தெருவில் போகும் தமிழனை அந்த நாட்களில் யாரும் சும்மா விடமாட்டார்கள். ஒரு சிப்பாய் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, "மே மொனவத?" என்று கேட்டான். இது என்னவாம். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "ஹுலங்" என்றேன். காற்று. "காற்றை எதற்கடா காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு போகிறாய்?" என்று அவன் சிரித்தான். சிரித்தாலும் ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்துவிட்டுத்தான் விட்டான். அதனால் சிலிண்டர் தீர்வதற்கு வெகு முன்பே அடுத்ததற்குக் கிளம்பப் பழகினேன்.

காற்று எதற்கு என்பதற்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். யாழ்ப்பாணத்தவர், வெள்ளவத்தையில் குடியிருந்தார். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு நுரையீரல் பலூன் மாதிரி விரிந்து நிற்காது. ஒவ்வொரு மூச்சு விட்டதும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை மறுபடி திறக்க அந்தச் சின்ன உடம்பு படும் பாட்டிலேயே பிள்ளை களைத்துப் போய்விடும். தொண்டைக்குள் குழாய் இறக்கி மூச்சுக் கொடுக்கும் இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அதில் இடம் கிடைப்பது அபூர்வம். டொக்டர் வேறு வழி செய்தார். காற்றையும் ஒட்சிசனையும் கலந்து ஒரு குழாயில் விடுவோம். அது பிள்ளையின் மூக்கில் வைத்த இரண்டு குட்டிக் குழல்களைத் தொட்டுக்கொண்டு போய், மறுமுனையில் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் அமிழ்ந்திருக்கும். தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியேற வேண்டும். அந்தத் தள்ளல் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் இருக்கும், நுரையீரல் ஒட்டாது. போத்தலில் குமிழி வந்தால் தள்ளல் இருக்கிறது. வராவிட்டால் எங்கேயோ ஒழுகுகிறது.

இதுதான் எங்கள் வேதம். நடந்துபோகும்போதே காது போத்தலில் இருக்கும். சத்தம் நின்றால் நாங்கள் சாப்பாட்டுக் கையோடு ஓடுவோம். சத்தம் வந்தால் நிம்மதி.

அந்த நாளில் எங்களிடம் போத்தல் காற்றில் இருந்த பிள்ளை ஒன்றே ஒன்று. தகப்பன் மோகன், ஜிந்துப்பிட்டி ஆள், ஹார்ட்வெயார் கடையில் லொறிக்கு இரும்பு ஏற்றுபவர். தாய் ராணி. நாலைந்து வருடம் காத்திருந்து கிடைத்த முதல் பிள்ளை, அதுவும் நாள் நிறையும் முன்பே வந்துவிட்டது. பெயர் இன்னும் வைக்கவில்லை. மோகன் அவனை "முதலாளி" என்பார்.

"முதலாளி என்ன சொல்றாரு அண்ணே?"

"காத்து வாங்கிக்கிட்டு இருக்கார்."

"வாங்கட்டும். கடல் காத்து இல்ல, காசு குடுத்த காத்து."

முந்தின நாள் முனகிக்கொண்டிருந்த பிள்ளை அன்று காலையில் சிவந்து, சுகமாகத் தூங்கினான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குண்டு வெடித்தது.

எங்கள் தெருவில் இல்லை, ஆனால் தூரமும் இல்லை. முதலில் தரை அதிர்ந்தது, பிறகு சத்தம். பிள்ளைகள் அறையின் கண்ணாடிகளில் குறுக்கும் மறுக்கும் டேப் ஒட்டியிருந்ததால் அவை விரிசலோடு நின்றன. கொழும்பில் அப்போது இருந்த எவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று வெடித்தால் இரண்டாவதும் வெடிக்கலாம். கண்ணாடி ஓரத்தில் எவரும் நிற்கக்கூடாது. சிஸ்டர் கத்தினார்: "பிள்ளைய கொரிடோருக்குக் கொண்டு வாங்கோ!"

சிஸ்டர் அந்த அறைக்குப் பொறுப்பான தாதி. தெஹிவளையிலிருந்து ரயிலில் வருபவர். குரலை உயர்த்தி அதுவரை நான் கேட்டதில்லை. ராணியைக் கதிரையில் உட்காரவைத்து, பிள்ளையைச் சூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் நெஞ்சோடு வைத்து, மேலே பஞ்சும் போர்வையும் சுற்றினார். நான் சிலிண்டர்களை உருட்டினேன். மோகன் போத்தலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கோயில் குடம் தூக்குகிறவர் மாதிரி நடந்தார். கொரிடோரில் எல்லாம் திரும்ப வேலைசெய்யத் தொடங்கின. போத்தல் குமிழி விட்டது. நாங்கள் மூச்சுவிட்டோம்.

ஒன்று மட்டும் திரும்ப வேலைசெய்யவில்லை. காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் குடுவை ஒன்று குழாயின் நடுவில் இருந்தது. அதுவும் கூடவே வந்தது, ஆனால் கொரிடோரில் பிளக் இல்லை. அதன் வயர் தரையில் கிடந்ததை எல்லோரும் தாண்டித் தாண்டி நடந்தோம். வெளியே அம்புலன்ஸ் சத்தம். யாருடைய வீடு, யாருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ற பேச்சு. அந்த வயர் யார் கண்ணிலும் வயராகப் படவில்லை.

நேரம் போயிற்று. பாதைகள் எல்லாம் மூடிவிட்டதாகச் சொன்னார்கள். திறந்திருப்பதாகவும் சொன்னார்கள். டொக்டர் வெள்ளவத்தையில் அகப்பட்டிருந்தார்; டெலிபோன் எடுபடவில்லை. பிள்ளை மறுபடி கொஞ்சம் முனகினான், பிறகு முனகலும் நின்றது. முனகல் நின்றால் சுகம் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

ராணி அதிகம் பேசாத பெண். அவள்தான் சொன்னாள்: "அண்ணே, இவன் பாரமாயிட்டான்."

"என்ன தங்கச்சி?"

"கொஞ்ச முந்தி பஞ்சு மாதிரி இருந்தான். இப்ப கனக்கிறான்."

"கை உளையுது உனக்கு. அங்க பாரு, போத்தல் என்னமா அடிக்குது."

உண்மையிலேயே நன்றாக அடித்தது. காலையில் அடித்ததைவிட நன்றாக. சிஸ்டரும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கண்ணாடி கீறி வந்திருந்த ஒரு கிழவருக்குக் கட்டுப்போடப் போனார். மோகனும் "ஆமா, நல்லா கொதிக்குது" என்றார். ஒரு கொரிடோர் முழுக்க ஆட்கள் நின்று ஒரு போத்தலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

அப்போது டெலிபோன் அடித்தது. டொக்டர். எத்தனை தடவை முயன்றாரோ, குரலே களைத்திருந்தது. சிஸ்டரின் கையெல்லாம் இரத்தம் என்பதால் நான் எடுத்தேன்.

"பிள்ளை எப்பிடி?"

"நல்லா குமிழி வருது டொக்டர்."

"நான் போத்தலைக் கேக்கேல்ல. பிள்ளையைக் கேட்டனான். போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லும்."

போய்ப் போர்வையை விலக்கினேன். பிள்ளையின் நெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் முதுகைத் தொடுவது போல உள்ளே போயிற்று. விலா எலும்பெல்லாம் எண்ணலாம் போலத் தெரிந்தது. கைகால்கள் துவண்டு கனத்துக் கிடந்தன. உதட்டைச் சுற்றி ஈயத்தின் நிறம். பக்கத்தில் போத்தல் துள்ளிக்கொண்டிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் என் மனம் போத்தலின் பக்கம்தான் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளையைவிட அதுதான் எனக்குப் பழக்கம்.

திரும்ப ஓடிப்போய்ச் சொன்னேன். "போத்தல் அடிக்குது, ஆனா நெஞ்சு உள்ள போகுது, நிறம் சரியில்ல. என்ன செய்யுறது? பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்துறதா?"

"பொறும்," என்றார். அவர் யோசிப்பது எனக்குக் கேட்டது. அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

திரும்பி வந்தபோது சிஸ்டர் பிள்ளையின் அருகே முழங்காலிட்டிருந்தார். மோகன் வாசலுக்கு ஓடி ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்து நிறுத்திவிட்டு வந்திருந்தார். அதன் இஞ்சின் ஓடும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

"மிஸ், குடுங்க. நான் தூக்கிட்டுப் போறேன்."

"எங்க போறீர்? பாதை திறந்திருக்கோ?"

"திறந்திருக்காம். த்ரீவீல்காரன் சொல்றான்."

"அவன் ஹயர் காசுக்குச் சொல்லுவான். இந்தக் குழலைக் கழட்டினா பிள்ளையின்ர நுரையீரல் ஒட்டிப்போகும். விளங்குதோ? நடுவழியில ஆமி மறிச்சா என்ன செய்வீர்?"

"இங்க இருந்தா மட்டும் என்ன செய்யப் போறீங்க? போத்தலப் பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்களா?"

சிஸ்டர் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அவர் சொன்னது எல்லாம் சரி. மோகன் சொன்னதும் சரி. இருவரும் ஏனோ என்னைப் பார்த்தார்கள். எங்களிடம் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது, வழியில் முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுக்க.

"சின்னச் சிலிண்டர் தாங்குமோ?" என்று சிஸ்டர் கேட்டார்.

பாதை திறந்திருந்தால் தாங்கும். சாவடியில் நிறுத்தினால் தாங்காது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் நான் "தாங்கும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். துணிச்சல் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் சும்மா நிற்பதை இன்னொரு நிமிடம்கூட என்னால் தாங்க முடியவில்லை, அதுதான்.

சிஸ்டர் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். "சரி, மாஸ்க்கைக் கொண்டு வாரும்."

மாஸ்க் வைக்க வேண்டுமென்றால் மூக்குக் குழலைக் கழற்ற வேண்டும். அவர் பிளாஸ்டரைப் பிரித்துக் குழலை மெதுவாக இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார். குழலின் இரண்டு துவாரங்களிலும் பழைய பசை மாதிரி காய்ந்த சளி அடைத்திருந்தது. மூக்குக்குள்ளும் அதே. ஈரமில்லாத காற்று அவ்வளவு நேரம் போனால் வேறென்ன நடக்கும்? பிள்ளைக்குள் ஒன்றும் போகவில்லை. போக வழியில்லாத காற்று முழுவதும் போத்தலுக்குப் போயிருக்கிறது. அதுதான் அந்தத் துள்ளல். மூக்கு அடைபட அடைபட எங்கள் போத்தல் இன்னும் நன்றாகப் பாடியிருக்கிறது.

இதையெல்லாம் நான் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அப்போது ஒன்றும் வரிசையாக விளங்கவில்லை. சிஸ்டர் "சேலைன்! சேலைன்!" என்று கத்தியதும், நான் தவறான தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், அவர் என்னைத் தள்ளிவிட்டுத் தானே எடுத்ததும்தான் ஞாபகம். அந்த உப்புத் தண்ணீரை மூக்கில் துளி துளியாக விட்டு, மெல்லிய குழாயால் உறிஞ்சி, திரும்ப விட்டு, திரும்ப உறிஞ்சினார். மோகன் இரண்டு கையாலும் தன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் வேறொரு மூக்குக் குழலை எடுத்து வைத்தார்.

போத்தல் நின்றுவிட்டது.

ஒரு குமிழிகூட இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அத்தனை நாள் பழக்கம், என் கை தானாகவே சிலிண்டர் சாவிக்குப் போயிற்று. காற்றைக் கூட்ட வேண்டும், ஒழுகுகிறது, எல்லாம் முடிந்தது என்று மண்டைக்குள் ஓடியது. சாவியைத் திருப்பக் குனிந்தபோது என் முழங்கையில் ஒரு அடி விழுந்தது. ராணி. உட்கார்ந்த இடத்திலிருந்தே காலால் எட்டி உதைத்திருக்கிறாள்.

"விடுங்க அண்ணே! அழுவுறான்!"

அப்போதுதான் எனக்குக் கேட்டது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். வாய் திறந்திருக்கிறது, அதனால் காற்று வாய் வழியே போகிறது, அதனால் போத்தலில் ஒன்றுமில்லை. சிஸ்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் உதடு மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது.

வாசலில் இருந்து முச்சக்கர வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "யனவத நத்த?" என்று கேட்டார். போகிறதா இல்லையா. மோகன் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அந்த மனிதரையே பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவர் தலையைச் சொறிந்துவிட்டு இஞ்சினை நிறுத்தினார்.

டொக்டர் பின்னேரம் வந்து சேர்ந்தார். வெள்ளவத்தையிலிருந்து கடலோர ரயில் பாதையில் பாதித் தூரம் நடந்து, மீதிக்கு யாருடைய வான் வண்டியிலோ ஏறி வந்திருந்தார். சேலைக் கரையில் கிரீசும் உப்பும். வந்ததும் முதலில் பிள்ளையைப் பார்த்தார், பிறகு குடுவையைத் தொட்டார். அது குளிர்ந்திருந்தது. தரையில் கிடந்த வயரை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே சிஸ்டர் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரிப் பாதை திறந்திருந்ததோ?" என்று நான் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. நான் வரேக்க சில இடம் திறந்திருந்தது. சில இடம் இல்லை." கையில் சுற்றிய வயரை அவிழ்த்தார். "லைன் அறுந்திருக்காட்டி நான் என்ன சொல்லியிருப்பன் தெரியுமே? குழலைக் கழட்ட வேண்டாம், ஏத்த வேண்டாம், நான் வாறவரைக்கும் அப்பிடியே வச்சிருங்கோ எண்டு."

மோகன் பக்கத்தில்தான் நின்றார். "அப்ப நான் சொன்னதுதானே சரி டொக்டர்?"

"இல்லை," என்றார் டொக்டர். "நீங்கள் சொன்னது பிழை. ஆனா கழட்டினது நல்லது."

மோகனுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. டொக்டருக்கே முழுக்க விளங்கியதாக அவர் முகம் சொல்லவில்லை.

இதனால்தான் பாடம் கேட்காதீர்கள் என்றேன். பிள்ளை சோர்ந்தால் குழலைக் கழற்றிப் பாருங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லலாம். வேறொரு பிள்ளைக்கு அப்படிச் செய்து, அந்த இடைவெளியிலேயே நெஞ்சு ஒட்டிப்போனதையும் பின்னர் நான் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தை நம்பாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் போத்தல் எத்தனையோ பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியது. சத்தம் சரியாக இருக்கும்போது ஒரு தாய் வந்து "பாரமாயிட்டான்" என்றால், அவள் கை உளைகிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இதை மட்டும்தான் கொஞ்சம் நிச்சயமாகச் சொல்லத் தெரிகிறது.

அன்று பின்னேரம் பிள்ளையைத் திரும்ப அறைக்குள் கொண்டுபோனோம். குடுவை சூடேறியது. அழுது அழுது களைத்த முதலாளி வாயை மூடிக்கொண்டு தூங்கிப்போனான். நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்த பிளேன்டீயை வாயில் வைத்தோம்.

போத்தலில் மறுபடி குமிழி வரத் தொடங்கியது.

அத்தனை நாள் எங்களை நிம்மதியாக இருக்கவைத்த அதே சத்தம். டொக்டர், சிஸ்டர், ராணி, மோகன், நான், ஐந்து பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பயந்துபோய் எழுந்து, பிள்ளையின் நெஞ்சைப் பார்க்கக் குனிந்தோம்.